குண்டுக்கால் அடீனியம்: ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு கடனைப் பற்றிப் பேசுவோம்



முத்தாபுதுப்பேட்டை பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு செடி நிற்கிறது. அடியில் யானைக்கால் போல வீங்கி, மேலே நாலைந்து கிளை, நுனியில் ரோஸ் நிறப் பூ. நர்சரியில் கேட்டால் "அடீனியம்" என்பார்கள். "பாலைவன ரோஜா" என்றும் சொல்வது உண்டு. ரோஜாவுக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

சில குழுக் கூட்டங்களில் சகோதரிகள் கேட்டார்கள். "அக்கா, இந்தச் செடியை வளர்த்து விற்றால் நல்ல காசாமே, குழுவில் கடன் எடுத்துச் செய்யலாமா?" நல்ல கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2023-ஆம் வருடம் ஆவணி மாதம் 12 அடீனியம் வாங்கினேன். ஒன்று 150 ரூபாய். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு தண்ணீர். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. மாடியில் தண்ணீர் வடியாமல் நின்றது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் 7 செடியின் அடி கொழகொழவென்று ஆகிவிட்டது. தொட்டால் விரல் உள்ளே போகிறது. 1,050 ரூபாய் போச்சு. மாடிப்படி சன்ஷேடுக்குக் கீழே, நான் எட்டித் தண்ணீர் ஊற்ற முடியாத இடத்தில் இருந்த 5 செடி மட்டும் நன்றாக இருந்தது.

புயல் மட்டும் காரணம் இல்லை. புயலுக்கு முன்பே என் சொம்பு பாதி வேலையை முடித்திருந்தது. செடியைப் பற்றித் தெரியாமல் பாசம் காட்டினேன், அவ்வளவுதான். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

எந்த ஊர்ச் செடி இது?

அடீனியம் ஆப்பிரிக்காவின் செடி. மேற்கே செனகல் நாட்டிலிருந்து சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமாக சூடான், எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியா வரை காட்டில் தானாக வளர்கிறது. கடல் தாண்டி ஏமன், ஓமன் பக்கமும் உண்டு. அங்கே மழை சில மாதம்தான். மற்ற மாதமெல்லாம் வெயிலும் கல்லும்.

மழை பெய்யும்போது தண்ணீரை வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். வறண்ட மாதத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்யும். நாம் குழுவில் சேமித்து, கஷ்ட காலத்தில் எடுக்கிறோமே, அதே மாதிரி. அந்தக் குண்டு அடிதான் அதன் சேமிப்புப் பெட்டி. பெட்டி நிறைந்திருக்கும்போது மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது, பூசணம் பிடித்து அழுகிவிடும்.

பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற தாவர ஆராய்ச்சியாளர் 1763-இல் ஏமன் நாட்டில் செடிகளைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்தது 1775-இல் புத்தகமாக வந்தது. அதில் இந்தச் செடிக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் "குண்டு அரளி". பிறகு 1819-இல்தான் அடீனியம் என்ற தனிப்பெயர் வந்தது. ஏமனில் ஏடன் துறைமுகம் இருக்கிறதே, அந்தப் பெயரை ஒட்டி வந்தது.

குண்டு அரளி என்ற பழைய பெயரை மறக்காதீர்கள். அரளிக் குடும்பத்துச் செடி என்பதால் அரளிக்குள்ள விஷமும் இதில் உண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

நர்சரியில் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இவற்றைப் பாருங்கள்.

1. அடி: மண்ணுக்கு மேலேயே தண்டு பருத்து, கீழே வேர்களும் கிழங்கு போலத் தடித்திருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும்.

2. இலை: தடிப்பாக, நுனி அகன்று, கிளையின் உச்சியில் கொத்தாக இருக்கும். சாதாரண அரளிக்கு இலை குறுகலாக, ஒரு கணுவில் மூன்று மூன்றாக வரும். அடியும் பருக்காது.

3. பூ: புனல் போல, ஐந்து இதழ். பெரும்பாலும் ரோஸ் அல்லது சிவப்பு ஓரம், நடுவில் வெளுப்பு. ஒட்டுச்செடிகளில் வெள்ளை, கருஞ்சிவப்பு, அடுக்குப்பூ எல்லாம் கிடைக்கிறது.

4. காய்: ஆட்டுக்கொம்பு போல இரண்டாக ஒட்டி நீளும். வெடித்தால் உள்ளே குச்சி போன்ற விதைகள், ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் பஞ்சு.

ஈழத்தலரியை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது மரமாகும், கிள்ளினால் வெள்ளையாகப் பால் கொட்டும், அடி இப்படி வீங்காது. உடம்பெல்லாம் முள்ளோடு இதே போல அடி பருத்த ஒரு செடியும் விற்கிறார்கள். அது வேறு இனம். அடீனியத்துக்கு முள் கிடையாது.

வாங்கும்போது இன்னும் ஒன்று கேளுங்கள்: "இது விதைச்செடியா, ஒட்டா, கிளை நட்டு வந்ததா?" விதைச்செடிக்கு அடி நன்றாகப் பருக்கும், ஆனால் தாய்ச்செடியின் பூ நிறமே வரும் என்று சொல்ல முடியாது. கிளை வெட்டி நட்டதில் நிறம் மாறாது, ஆனால் குண்டு அடி வருவதற்கு நெடுநாள் ஆகும், விதைச்செடி அளவுக்கு அழகாக வராது. ஒட்டுச்செடி என்றால் அடி விதைச்செடி, மேலே நல்ல நிறப்பூக் கிளை. அதனால்தான் விலை கூடுதல். தாய்லாந்தும் தைவானும் இந்த ஒட்டு வேலையில் பெயர் எடுத்த நாடுகள்.

செல்போனில் நீல நிறப் பூ படம் போட்டு "நீல அடீனியம் விதை" என்று விற்பார்கள். அசல் நீல நிறத்தில் அடீனியம் கிடையாது. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

விஷம் உண்டு, பயப்பட வேண்டாம், கவனம் வேண்டும்

தான்சானியாவில் ஹட்சா என்ற வேட்டையாடும் மக்கள் இந்தச் செடியின் சாற்றைக் காய்ச்சி அம்பு நுனியில் தடவுவார்கள். அது மிருகத்தின் இதயத்தை நிறுத்திவிடும். அரளி விதையைப் பற்றி நம் ஊரில் சொல்லியா தெரிய வேண்டும்? இலை, தண்டு, வேர், விதை எல்லாவற்றிலும் விஷம் இருக்கிறது. தொட்டாலே ஆபத்து என்று இல்லை. வாய்க்கும் கண்ணுக்கும் போகக் கூடாது.

- அடி கிழங்கு மாதிரி இருப்பதால் பிள்ளைகள் சர்க்கரைவள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. வேரோடு பிடுங்கிய செடியைத் தரையில் போட்டு வைக்காதீர்கள்.
- ஆடு, மாடு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வெட்டிய கிளையைக் குப்பைமேட்டில் போடாமல் குழி தோண்டிப் புதையுங்கள்.
- வெட்டும்போது கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள். காய்கறி நறுக்கும் கத்தி, அரிவாள்மனை வேண்டவே வேண்டாம். தனிக் கத்தி வையுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
- நாட்டு மருந்து என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.
- யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைப் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். செடியின் ஒரு துண்டைக் கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

விற்கும்போது வாங்குபவரிடமும் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். உண்மையைச் சொன்ன கடைக்குத்தான் ஆள் திரும்பி வருவார்கள்.

மண் கலவையும் தொட்டியும்

நம் வீட்டுக் களிமண் ஆகாது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊற்றிய தண்ணீர் உடனே கீழே ஓடிவிட வேண்டும்.

- பெருமணல் அல்லது உடைத்த செங்கல் துண்டு: 2 பங்கு
- செம்மண்: 1 பங்கு
- மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம்: 1 பங்கு

உமிக்கரி கிடைத்தால் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். பச்சைச் சாணம் போடாதீர்கள். தொட்டி ஆழமாக இருக்க வேண்டாம், வாய் அகலமாக இருந்தால் போதும். அடியில் மூன்று நான்கு ஓட்டை கண்டிப்பாக வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தட்டில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், டெங்கு கொசுவும் முட்டை போடும். இரண்டு செங்கல் மேல் தொட்டியைத் தூக்கி வையுங்கள்.

வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு பூ. குறைந்தது ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட வேண்டும். நிழலில் வைத்தால் குச்சி போல நீளுமே தவிர பூக்காது.

விதை போட்டு வளர்ப்பது

புது விதையாக இருக்க வேண்டும். பழசாக ஆக முளைப்பு குறையும். மாசி, பங்குனியில் போட்டால் மழைக்கு முன்னால் செடி ஓரளவு தேறிவிடும்.

அகலத் தட்டில் மணல் அதிகமாகச் சேர்த்த கலவையைப் போட்டு, விதையைப் படுக்க வைத்து, மேலே மெல்லிசாக மணல் தூவுங்கள். ஈரம் காயாமல் லேசாகத் தெளியுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைக்கும்போதே தண்டு குட்டையாகக் குண்டாக இருக்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். நாலு ஆறு இலை வந்ததும் தனித்தனிக் கவருக்கு மாற்றுங்கள். நல்ல வெயிலில் வளர்ந்தால் சுமார் ஒரு வருடத்தில் முதல் பூ வரும். சில செடி இன்னும் தாமதம் செய்யும்.

தொட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் செடியை ஓர் அங்குலம் மேலே தூக்கி நடுங்கள். மண்ணுக்குள் ஒளிந்திருந்த பருத்த வேர் வெளியே தெரியும். வாங்குபவர் அதற்குத்தான் காசு தருகிறார். மாற்றிய பிறகு நாலைந்து நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேரில் பட்ட காயம் ஆறட்டும்.

கிளை வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளை வரும். பூ கிளை நுனியில்தான் வரும் என்பதால் கிளை கூடினால் பூவும் கூடும். மழையெல்லாம் ஓய்ந்து மாசி பிறந்ததும் வெட்டுவது நல்லது. மழைக்காலத்தில் வெட்டினால் காயம் வழியாக அழுகல் இறங்கும்.

காய் பிடித்தால் அது வெடிப்பதற்கு முன்பே நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் விதை பஞ்சோடு பறந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது?

விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள். கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை தேவைப்படலாம். மழைக்காலத்தில் பல நாள் தேவையே படாது.

அடியை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா? இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். இரண்டு விதமான மெத்து உண்டு.

தாகம் என்றால் அடி முழுவதும் ஒரே சீராகச் சுருங்கியிருக்கும், வதங்கிய கத்திரிக்காய் மாதிரி. மண் உலர்ந்திருக்கும். நாற்றம் இருக்காது. தண்ணீர் ஊற்றினால் சில நாளில் கெட்டியாகிவிடும்.

அழுகல் என்றால் ஏதாவது ஓரிடத்தில் மட்டும் கொழகொழப்பு. நிறம் கறுத்திருக்கும், நாற்றம் வரும், மண் ஈரமாக இருக்கும். இதைத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும். நான் செய்தது அதுதான்.

அழுகல் என்று தெரிந்தால் உடனே செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். அழுகிய பாகத்தை, நல்ல சதை தெரியும் வரை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசண மருந்தைக் குழைத்து வெட்டிய இடத்தில் தடவி, மழை படாத நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு உலர்ந்த கலவையில் நடுங்கள். எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கும்.

மார்கழி, தையில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பதற வேண்டாம். அடி கெட்டியாக இருந்தால் செடி ஓய்வு எடுக்கிறது என்று அர்த்தம். தண்ணீரைக் குறையுங்கள், தானே துளிர்க்கும்.

பூச்சிகள்

மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலை நேரத்தில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். விரல் தடிமனில், கழுத்துப் பக்கம் கண் மாதிரி இரண்டு நீலப் பொட்டோடு ஒரு பச்சைப்புழு வரும். ஒரே இரவில் செடியை மொட்டையாக்கிவிடும். அரளியில் வரும் அதே புழுதான். காலையில் பார்த்துக் கையால் எடுத்துவிடலாம். அது கடிக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம்

இது உதாரணக் கணக்கு. உங்கள் பகுதி விலையை விசாரித்து நீங்களே எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

100 விதை போடுகிறோம். வருடக் கடைசியில் 60 செடி தேறுகிறது என்று வைப்போம்.

- விதை: 300 ரூபாய்
- கவர்: 200 ரூபாய்
- மணல், மண், உரம்: 800 ரூபாய்
- 60 தொட்டி, ஒன்று 25 ரூபாய் வீதம்: 1,500 ரூபாய்
- வேப்பெண்ணெய், பூசண மருந்து: 200 ரூபாய்
- மொத்தம்: 3,000 ரூபாய்

ஒரு செடி 100 ரூபாய்க்கு விற்றால் 6,000 ரூபாய். செலவு போக 3,000 ரூபாய் நிற்கும். மாதத்துக்கு 250 ரூபாய். நம் உழைப்புக்குக் கூலி போடவே இல்லை.

இந்த 3,000 ரூபாயைக் கடனாக எடுத்தால்? அடுத்த மாதமே தவணை கட்ட வேண்டும். செடி பூப்பதற்கோ ஒரு வருடம். அந்த 12 தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? வீட்டுச் செலவிலிருந்துதான். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிச் செடி அழுகினால் 30 செடிதான் மிஞ்சும். விற்றால் 3,000 ரூபாய், போட்ட முதல். வட்டி கைநஷ்டம்.

அதனால் என் பதில் இதுதான். முதல் வருடம் கடன் வேண்டாம். 10 அல்லது 20 விதையோடு, கைக்காசில், பழைய பெயிண்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் ஓட்டை போட்டு ஆரம்பியுங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிப் பாருங்கள். மழைக்கு முன்னால் செடிகளை எங்கே நகர்த்துவது, யார் நகர்த்துவது என்று அப்போது தெரிந்துவிடும். 20-இல் 15 செடி மழை தாண்டிப் பிழைத்தது என்றால் உங்களுக்குக் கைவந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டு, கடனைப் பற்றிப் பேசலாம். ஒட்டுச்செடிக்குத்தான் விலை கூடும். கற்றுக்கொள்ளும்போது வெட்டிய கிளைகள் வீணாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செடி வளர்ப்பு, ஒட்டுக் கட்டுதல் பற்றிய சந்தேகங்களை அங்கே போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் குழுவாகப் போங்கள்.

என்னிடம் பிழைத்த அந்த 5 செடியும் இப்போதும் இருக்கின்றன. புரட்டாசி கடைசியில் அவற்றை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுவேன். சொம்பை அங்கே கொண்டுபோவதில்லை.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் மழை படாமல், ஆனால் வெளிச்சம் வரும் இடம் எவ்வளவு இருக்கிறது? அங்கே எத்தனை தொட்டி வைக்கலாம்?
2. வீட்டில் சின்னப் பிள்ளைகளோ ஆடோ இருந்தால் செடியை எங்கே வைப்பீர்கள்?
3. ஒரு வருடம் வருமானம் வராத தொழிலுக்குக் குழுக் கடன் கொடுப்பது சரியா? தவணையை எப்படி வைக்கலாம்?

எழுதப் படிக்கத் தெரிந்த சகோதரி இந்தக் கட்டுரையை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். விஷம் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள்.